சென்னையும் ஜெயித்தது, யுனைடெட்டும் ஜெயித்தது

இதை எழுதியது 2025 கோடையில். அந்த வருஷம் மே 25 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் அடித்துப் போட்டது. ராத்திரி இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்தில் மான்செஸ்டர் யுனைடெட், ஆஸ்டன் வில்லாவை 2-0 என்று ஜெயித்தது. ரெண்டுக்கும் சீசனின் கடைசி ஆட்டம். முதலாவது டீம் பத்து பேரில் பத்தாவது, அடுத்தது இருபது பேரில் பதினைந்தாவது. இந்த ரெண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் புதுச்சேரியில் என்னைத் தவிர இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். முத்தியால்பேட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களிலேயே நாலைந்து பேரைக் காட்டுவேன்.

ஆனால் ரெண்டு வெற்றியும் ஒன்றில்லை. சென்னை தோற்றுத் தோற்றே ஒரு வேலையை முடித்துவிட்டது. கெய்க்வாட் காயத்தோடு வெளியே போனதும் 17 வயது ஆயுஷ் மாத்ரேவைக் கூப்பிட்டு ஓப்பனிங் இறக்கினார்கள். சீசனின் நடுவில் பிரெவிஸ் வந்தான், இந்த ஞாயிறு 23 பந்தில் 57 அடித்தான். அடுத்த வருஷ டீம் எப்படி இருக்கும் என்பது இப்போதே கொஞ்சம் தெரிகிறது. யுனைடெட்டுக்கு அந்த ராத்திரி கோல் போட்ட இருவரில் ஒருவர் எரிக்சன். 33 வயது, ஒப்பந்தம் முடிந்து கிளம்புகிறவர். அந்த ஆட்டத்தைப் பார்த்து அடுத்த சீசனைப் பற்றி என்ன தெரிந்துகொள்வது?

வில்லா ஆட்டம் நம்ம நேரத்துக்கு எட்டரைக்கு. டிவியில் அப்பா ஹைதராபாத் 278 அடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதை மாற்றச் சொல்லும் தைரியம் வீட்டில் யாருக்கும் கிடையாது. நான் மொட்டை மாடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு நாள் முன்னால்தான் பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம், ஐரோப்பாவின் ரெண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக் ஃபைனலை யுனைடெட் தோற்றிருந்தது. பிரென்னன் ஜான்சன் போட்ட ஒரு கோல், அதுவும் எங்கள் ஷாவின் மேல் பட்டுத் தடுமாறி உள்ளே போன கோல். அந்த டாட்டன்ஹாம் லீக்கில் 17ஆவது இடம். அவர்களிடம் இந்த ஒரே சீசனில் நாலு முறை ஆடி நாலும் தோல்வி. லியோனில் இருக்கும் என் மச்சான், ஏப்ரலில் எங்களிடம் அவன் ஊர் டீம் 5-4 என்று தோற்ற வயிற்றெரிச்சலில் இருந்தவன், ராத்திரி ரெண்டரை மணிக்கு மேல் எனக்குச் சிரிப்பு பொம்மைகளாக அனுப்பிக்கொண்டிருந்தான்.

சரி, வில்லா ஆட்டத்துக்கு வருவோம். அவர்களுக்கு அடுத்த சீசன் ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் ஆடும் வாய்ப்பு இருந்தது, எங்களுக்கு ஒன்றுமில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் கோலி மார்டினஸ் வெளியே ஓடி வந்து எங்கள் ஸ்ட்ரைக்கர் ஹாய்லண்டைச் சாய்த்து சிவப்பு அட்டை வாங்கினார். உலகக் கோப்பை ஜெயித்த கோலி செய்கிற காரியமா அது! அதற்கப்புறம் பாதி ஆட்டம் முழுக்க பத்து பேரை எதிர்த்துத்தான் ஆடினோம். முதல் கோல் எப்போது வந்தது தெரியுமா? 76ஆவது நிமிஷம். அதற்கு மூன்று நிமிஷம் முன்னால் நடந்ததுதான் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.

எங்கள் கோலி பாயிந்திர் பந்தைப் பிடிக்கப் போனார். முழுசாக அடங்கவில்லை. வில்லாவின் மார்கன் ராஜர்ஸ் காலை நுழைத்துத் தட்டி எடுத்து, காலி கோலுக்குள் உருட்டிவிட்டார். பந்து கோட்டைத் தாண்டும் முன்பே ரெஃப்ரி தாமஸ் பிராமால் விசில் ஊதிவிட்டார். கோலி பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், ஆகவே ஃபவுல் என்று. விதி என்னவென்றால், பந்து ரெண்டு கைக்கு நடுவில் இருந்தாலோ, ஒரு கைக்கும் தரைக்கும் நடுவில் இருந்தாலோ, அது கோலியின் பந்து. யாரும் காலை நீட்டக் கூடாது. புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் செவன்ஸ், அதாவது ஏழு பேர் ஆட்டம், ஆடிய காலத்தில் நானும் கோலிதான். வழுக்கின பந்தைக் கட்டிப் பிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது எங்கள் தொழில் ரகசியம். அதனால் சொல்கிறேன், பாயிந்திர் கையில் அது அடங்கின பந்து இல்லை. விசில் முன்னாலேயே ஊதிவிட்டதால் விஏஆர் என்கிற வீடியோ ரெஃப்ரி உள்ளே வரவே முடியாது. ஊதாமல் ரெண்டு நொடி பொறுத்திருந்தால் கோல் நின்றிருக்கும்.

அதோடு வில்லாவின் வருஷம் முடிந்தது. நியூகாசில் அன்றைக்கு எவர்டனிடம் தோற்றதால் வில்லாவுக்கு ஒரு டிரா போதுமாக இருந்தது. கடைசியில் ரெண்டு டீமும் 66 புள்ளி. கோல் வித்தியாசத்தில் நியூகாசில் மேலே போய் சாம்பியன்ஸ் லீக் இடத்தைப் பிடித்தது. இவ்வளவு முக்கியமான ஆட்டத்துக்கு இன்னும் அனுபவமுள்ள ரெஃப்ரியைப் போட்டிருக்க வேண்டாமா என்று வில்லா புகார் கொடுத்தது. நியாயம்தான். நானாக இருந்தால் உப்பளத்தில் அந்த ரெஃப்ரியை வீடு வரை துரத்தியிருப்பார்கள் என்றும் சேர்த்து எழுதியிருப்பேன்.

ஆக, 0-1 ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் 2-0 ஆனது. எங்கள் புரூனோ தூக்கிப் போட்ட பந்தை அமாத் தலையால் முட்டினார், அப்புறம் 87இல் எரிக்சன் பெனால்டி. ஸ்டேடியத்தில் கைதட்டல். எங்கள் அப்போதைய கோச் அமோரிம் மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை.

சீசன் கணக்கைப் பாருங்கள். 38 ஆட்டம், 11 வெற்றி, 18 தோல்வி, 42 புள்ளி. போட்ட கோல் 44, வாங்கிய கோல் 54. 1973-74இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய வருஷத்துக்குப் பிறகு இவ்வளவு கீழே முடிந்ததில்லை.

44 கோலைப் பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். என் அக்கா மகன் லிவர்பூல்காரன். இந்த வருஷம் கப் வாங்கிய திமிரில் இருக்கிறான். "மாமா, ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் வந்துட்டா உங்க டீம் சரியாயிடும், அவ்வளவுதான்" என்றான். ஹாய்லண்ட் லீக்கில் மொத்தம் 4 கோல், ஸர்க்ஸி 3. அவன் சொல்வதில் பொய் இல்லை. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"உங்க டீம் போன கோடையில யாரை வாங்குச்சுடா?" என்று கேட்டேன். யோசித்து, கியேசா என்றான். அந்தக் கியேசாவும் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். லிவர்பூலை 84 புள்ளிக்குத் தூக்கியதில் சாலாவின் 29 கோல் பெரிசு, மறுக்கவில்லை. ஆனால் கிராவன்பெர்ச் நடுவில் நின்று பந்தை வாங்கி, திரும்பி, முன்னால் கொடுத்தது இல்லாமல் சாலாவுக்குப் பந்தே போயிருக்காது. கோச் ஸ்லாட் அவரை வாங்கவில்லை, ஏற்கனவே இருந்தவரை இடம் மாற்றி நிறுத்தினார். பையன் அதற்குப் பதில் சொல்லாமல் சர்பத் குடிக்கப் போய்விட்டான்.

எங்கள் ஓட்டை அங்கேதான். அமோரிம் ஆட வைத்த முறையில் பின்னால் மூன்று பேர், ரெண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடுகிறவர்கள், நடுவில் ரெண்டே பேர். அந்த ரெண்டு பேர் மைதானத்தின் முழு அகலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காசமிரோவுக்கு எரிக்சன் வயசுதான். தலை ஓடுகிறது, கால் ஓடவில்லை. யூரோப்பாவில் நன்றாக ஆடினார், அந்த ஆட்டங்கள் மெதுவாக நடந்ததால். உகார்டே பந்தைப் பறிப்பதில் கில்லாடி, பறித்த பிறகு முன்னால் கொடுக்க ஆள் தேடிப் பின்னால் கொடுத்துவிடுவார். அதனால் புரூனோவை கீழே இழுத்தார்கள். எல்லாப் போட்டியிலும் சேர்த்து 19 கோல் போட்டவரை பின்னால் நிற்கும் சென்டர் பேக்கிடம் பந்து வாங்க அனுப்பினால் கோல் பக்கத்தில் யார் இருப்பார்கள்? ஹாய்லண்ட் மேலே தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பத்து பேர் வில்லாவை எதிர்த்தும் அதே படம்தான் ஓடியது. சவுதியிலிருந்து அல் ஹிலால் கூப்பிட்டும் புரூனோ போகவில்லை. அதுதான் இந்தக் கோடையில் நான் கேட்ட முதல் நல்ல செய்தி.

அதனால் முதல் காசு நடுவில் ஓடுகிற ஒருவருக்குப் போக வேண்டும். 24, 25 வயசு, நல்ல நுரையீரல், அழுத்தத்தில் திரும்பத் தெரிந்தவர். ரெண்டாவது காசு கோலிக்கு. ஓனானா 47 மில்லியன் பவுண்டுக்கு வந்தார், காலில் நன்றாக ஆடுவார் என்று. லியோன் முதல் ஆட்டத்தில் விட்ட ரெண்டு கோலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாயிந்திரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கோலி நிதானமாக இல்லையென்றால் முன்னால் நிற்கும் மூன்று பேரும் பத்து அடி பின்னால் தள்ளி நிற்பார்கள், நடுவில் இருக்கும் இடைவெளி இன்னும் பெரிசாகும். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, பின்னால் நின்று கத்துகிறவனுக்குத் தெரியும்.

கிளப் முதலில் வாங்கியது மதேயுஸ் குன்யாவை. உல்வ்ஸுக்கு 62.5 மில்லியன் பவுண்டு, நம் காசில் 700 கோடிக்கு மேல். லீக்கில் 15 கோல் போட்டவர், பந்தோடு ஓடுவார், கோபக்காரர். எனக்குப் பிடித்த ஆட்டக்காரர்தான். அடுத்து பிரென்ட்ஃபோர்டின் எம்பூமோ என்கிறார்கள், 20 கோல். ஸ்ட்ரைக்கர் டெலாப் செல்சீக்குப் போய்விட்டான். எல்லாம் முன்வரிசை ஆட்கள், கவனித்தீர்களா?

காசு எங்கிருந்து வரும் என்பதில்தான் என் பயம். என் கடைக்கு வாங்கிய பெரிய ஜெராக்ஸ் மிஷின் விலையை ஆடிட்டர் ஒரே வருஷத்தில் செலவாக எழுத மாட்டார், வருஷாவருஷம் பிரித்துக் கழிப்பார். ஆட்டக்காரர் விலையும் அப்படியே, ஒப்பந்தம் எத்தனை வருஷமோ அத்தனையாகப் பிரித்து, அதிகபட்சம் ஐந்து. ஆன்டனியை 2022இல் 80 மில்லியனுக்கு மேல் கொடுத்து 2027 வரை ஒப்பந்தம் போட்டார்கள். 2025இல் இன்னும் 30க்கு மேல் புத்தகத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே விற்றால் நஷ்டம். ஆனால் அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தகத்தில் விலையே கிடையாது, விற்றால் வருவது மொத்தமும் லாபம். அதனால்தான் எங்கள் அகாடமிப் பையன் மெக்டோமினேவைப் போன வருஷம் நாப்போலிக்கு 25 மில்லியனுக்குத் தள்ளினார்கள். அவர் அங்கே 12 லீக் கோல் போட்டு, கடைசி நாளில் அந்தரத்தில் பறந்து ஒரு கோல் அடித்து, சாம்பியன் ஆகி, இத்தாலியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கிவிட்டார். நடுவில் ஓடுகிறவர் வேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதினேனே, ஒருவரை நாங்களே வைத்திருந்து விற்றோம்.

வேறு கிளப்களுக்குக் கடனாக அனுப்பியவர்கள் கதை தனிக் கூத்து. மே 28, ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனலில் ஸ்பெயினின் பெட்டிஸ் பக்கம் ஆன்டனி, செல்சீ பக்கம் சாஞ்சோ. சாஞ்சோ கோலும் போட்டான், செல்சீ 4-1. அதே நாள் யுனைடெட் கோலாலம்பூரில் ஆசியான் ஆல் ஸ்டார்ஸிடம் 1-0 தோற்றது. அங்கே இருக்கும் என் சித்தப்பா மகன் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போயிருந்தான், பாவம். ரெண்டு நாள் கழித்து ஹாங்காங்கில் 17 வயது சிடோ ஓபி ரெண்டு கோல் போட்டான். மாத்ரேவுக்குக் கிடைத்த மாதிரி வாய்ப்பு அவனுக்கும் இனிமேல் கிடைக்க வேண்டும்.

2025-26 சீசனில் யுனைடெட்டுக்கு ஐரோப்பிய ஆட்டமே இல்லை. யூரோப்பா ஆட்டத்துக்கான வியாழக்கிழமை ராத்திரி முழிப்பு மிச்சம், பயிற்சிக்கு முழு வாரம் கிடைக்கும். 2014-15இலும் இப்படித்தான் ஐரோப்பா இல்லாமல் வான் கால் நாலாவது இடத்துக்குக் கொண்டு வந்தார். ஆகவே பெரிய படை தேவையில்லை, சரியான பதினாறு பேர் போதும். லிண்டலாஃப், எவன்ஸ், எரிக்சன் சம்பளம் போய்விட்டது. ராஷ்ஃபோர்ட், ஆன்டனி, சாஞ்சோ மூவரும் திரும்ப வந்து டிரெஸ்ஸிங் ரூமில் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வில்லா ஆட்டத்துக்கு எடுக்காத கார்னாச்சோவும் கிளம்பத்தான் போகிறான், வேகத்தை நம்பி நல்ல விலை வந்தால் சரி.

ஆனால் அதே லாபக் கணக்கில் எங்கள் அகாடமிப் பையன் மைனூவின் பெயரும் அடிபடுகிறது. 20 வயது, நடுவில் ஆடுகிறவன், நெருக்கடியில் திரும்பத் தெரிந்தவன். அமோரிம் அவனை முன்னால் பொய் ஸ்ட்ரைக்கராகக் கூட நிறுத்திப் பார்த்தார். அவன் இடம் அதுவல்ல. ஒப்பந்தம் 2027 வரை இருக்கிறது, இந்த 2025 கோடையிலேயே புதுசு போட்டாக வேண்டும். குன்யாவுக்குக் காட்டிய அவசரத்தில் பாதியைக் காட்டினால் போதும்.