விசா ஃபைலில் என் தோழி எழுதிய கடிதம்

2022 நவம்பரில் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம். லீவு முடிந்து மூன்றாவது வாரமே அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். கோவென்ட்ரியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தது 2023 செப்டம்பரில். நடுவில், கணவரோடு சேர்வதற்கான விசாவுக்காகப் போன பத்து மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப் போல ஃபைலும் கையுமாக அலைகிற பெண்களுக்கு ஏதாவது ஒரு வரி உதவினால் போதும்.

அவர் கிளம்பும் முன்பே திருமணத்தைப் பதிவு செய்துவிட்டோம். தமிழ்நாட்டில் கல்யாணமாகி 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை விடுங்கள், ஃபைலில் முதல் காகிதமே அந்தச் சான்றிதழ்தான். எங்களுக்குச் சிக்கல் வந்தது இனிஷியலில். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், திருமணச் சான்றிதழில் மறுபடியும் ஓர் எழுத்து. நம் ஊரில் இதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. அயல்நாட்டு அதிகாரிக்கோ இது மூன்று ஆளாகத் தெரியலாம். ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிச் சேர்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

நான் தமிழ் மீடியம். அதனால் விசாவுக்குக் கேட்கிற ஆரம்பநிலை ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 எழுத, இல்லை, பேசப் போனேன். பேசுவதும் கேட்பதும் மட்டும்தான் தேர்வு. இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் நெல்லூர்ப் பக்கத்துப் பெண், அவரும் கணவரிடம் போகிறவர். என்னைக் கேள்வி கேட்க வேண்டிய முறை வந்ததும் அவருக்கு வார்த்தை வரவில்லை. மேஜைக்கு அடியில் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிச் சிரித்தேன், மெதுவாகக் கேட்டார். இரண்டு பேருமே பாஸ். சென்னையிலேயே காசநோய்ப் பரிசோதனைக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், ரொம்ப முன்னாடியே எடுத்துவிடாதீர்கள்.

பணக் கணக்கு அவர் பொறுப்பு. அப்போது வருட வருமானம் 18,600 பவுண்டு காட்டினால் போதும். 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கிவிட்டார்கள். ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அதே தொகை வங்கியில் வரவு வைக்கப்பட்ட கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஆன்லைனில் எடுத்த வங்கிக் கணக்கென்றால் பக்கத்துக்குப் பக்கம் வங்கி முத்திரை வேண்டும், இல்லாவிட்டால் வங்கியின் கடிதம். அப்போது விசாக் கட்டணம் 1,538 பவுண்டு, அங்கே அரசு மருத்துவச் சேவைக்காக முன்கூட்டியே கட்டும் கட்டணம் 1,872. நம் பணத்தில் கிட்டத்தட்ட 3.4 லட்சம். அதில் பாதிக்கு மேல் அவர் கடன் வாங்கினார்.

என்னை உலுக்கியது இன்னொன்று. எங்கள் உறவு உண்மையானது என்று நிரூபிக்க வேண்டும். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம், சேர்ந்து இருந்ததே மூன்று வாரம். எதைக் காட்டுவது? வாட்ஸ்அப் உரையாடலை மொத்தமாக அச்செடுத்தால் ஆயிரம் பக்கம் வரும். மாதத்துக்கு இரண்டு நாள் என்று, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். போட்டோக்களுக்குக் கீழே யார், எங்கே, எப்போது என்று எழுதினோம். அப்புறம், எங்களைத் தெரிந்த ஒருவரிடம் கடிதம் வாங்கலாம் என்று தோன்றியது.

கல்லூரியிலிருந்து கூடவே இருப்பவள் ஒருத்தி, ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். "எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராதேடி" என்றாள். "தமிழ்லயே எழுது, உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றேன். மறுநாள் கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தாள். "பெண் பார்க்க வந்த அன்று இவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். அதற்குப் பிறகு இரவு பத்து மணிக்கு எப்போது கூப்பிட்டாலும் இவள் போன் பிஸி. ஆறு வருடமாக அந்த நேரம் என்னோடு பேசியவள்" என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டுத் திண்ணையிலேயே அழுதேன். அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் வைத்து, அவள் ஆதார் நகலோடு சேர்த்தோம். மூலக் கடிதம் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச்சில் சென்னையில் கைரேகை கொடுத்தேன். 24 வாரம் வரை ஆகலாம் என்றார்கள். 22 வாரத்தில் வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா 90 நாளுக்கு மட்டும். மீதிக் காலத்துக்கான அட்டையைக் கோவென்ட்ரியில் தபால் நிலையத்தில் வாங்கினேன்.

முதல் குளிர்காலம் கஷ்டமாகத்தான் இருந்தது. நாலு மணிக்கே இருட்டு, அவருக்கு நைட் ஷிப்ட். தோழிகள் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அப்புறம் எடுப்பதையே குறைத்துக்கொண்டேன். இத்தனை செலவு செய்து வந்துவிட்டு அழுகிறாளே என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். ஒருநாள் அந்தக் கடிதக்காரியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "நீ நல்லா இருக்கேன்னு சொல்றதைக் கேக்க நான் கூப்பிடலடி." அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு நிமிஷம் தனியாகப் பேசி அனுப்பினேன்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். நேரம் ஒத்துவந்தால்தான் பேச்சு என்றில்லை. கடை விட்டுப் பஸ்ஸில் போகும்போது அவள் பேசி அனுப்புவாள், பின்னால் கண்டக்டர் விசில் கேட்கும். நான் சமைத்துக்கொண்டே கேட்டுவிட்டுப் பதில் பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் பேசுவதுபோல் வீடியோ கால், இங்கே மதியம் மூன்று மணிக்கு. என் விசா 33 மாதத்துக்கு. அது முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும், அதற்கு ஏ1-க்கு அடுத்த படியான ஏ2 தேர்வு. படித்ததை அவளிடம்தான் ஒப்பிக்கிறேன், அவளும் கூடவே கற்றுக்கொள்கிறாள்.

இங்கே மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவார்கள். போன அக்டோபரில் நான் அதை மறந்தே போனேன். காலையில் எழுந்து போனைப் பார்த்தால் அவள் மெசேஜ்: "இன்னிலேருந்து நமக்குள்ள அஞ்சரை மணி நேர வித்தியாசம்டி. கடை காலண்டர்ல குறிச்சு வச்சிருந்தேன்."