எஸ்றா 2-ம் அதிகாரத்தில் நின்றுபோனவர்களுக்கு

எங்கள் சபையில் வைத்த வேதாகமத் தேர்வுக்கு அந்த வருடம் எஸ்றாவும் நெகேமியாவும் பாடம். எஸ்றா முதல் அதிகாரம் சுலபமாகப் போனது. இரண்டாம் அதிகாரம் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல். பாரோஷின் புத்திரர் 2,172 பேர் என்று தொடங்கி, கிட்டத்தட்ட கடைசிவரை பெயரும் தொகையும்தான். மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். நான்காம் நாள் பாதிகூட நினைவில் இல்லை.

அப்புறம் மனப்பாடத்தை விட்டுவிட்டு, நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் எஸ்றா 2, மறுபக்கம் நெகேமியா 7 என்று கையால் எழுதினேன். இரண்டும் ஒரே பட்டியல்தான். நீங்களும் எழுதிப் பாருங்கள். வாசிக்கும்போது தாண்டிப் போவதெல்லாம் எழுதும்போது கையைப் பிடித்து நிறுத்தும்.

எஸ்றாவில் 21-ம் வசனத்துக்கு வந்தபோது, அதுவரை குடும்பப் பெயராக வந்தது ஊர்ப் பெயராக மாறுவதைக் கண்டேன். பெத்லகேம் 123, நெத்தோபா 56, ஆனதோத் 128. ஆனதோத் எரேமியா தீர்க்கதரிசியின் ஊர். அவனைக் கொல்லத் தேடியவர்களும் அந்த ஊர்க்காரர்களே. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருந்த நேரத்தில், காவலில் இருந்த எரேமியா அந்த ஊரில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். ஊரே பறிபோகிற நேரத்தில் நிலம் வாங்குகிறவர் உண்டா? இனி இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதை நம்பி வாங்கினான். கி.மு. 538 வாக்கில் பெர்சியாவின் கோரேஸ் ராஜா திரும்பிப் போகலாம் என்று கட்டளை கொடுத்தபின் அந்த ஊருக்குத் திரும்பியவர்கள்தான் இந்த 128 பேர். எரேமியா 32-ஐத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை மறுபடி வாசித்தேன். கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த எண் எனக்கு மறக்கவே இல்லை.

இப்படித்தான் மற்றதும் மனதில் நின்றது. ஆசாரியர் 4,289 பேர் வந்திருக்க, ஆலய வேலையில் அவர்களுக்கு உதவுகிற லேவியர் வெறும் 74 பேர். தாவீதின் காலத்தில் எண்ணியபோது லேவியர் 38,000. காரணத்தை வேதம் சொல்லவில்லை. ஆனால் முன்னால் நிற்கிறவர்களுக்குக் கைகொடுக்கும் வேலைக்கு ஆள் குறைந்தது எனக்கு உறைத்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாய் சுருட்ட நானாகவே போய் நின்றேன்.

ஆலய வேலைக்காரரான நிதனீமியர் பட்டியலில் சிசெராவின் புத்திரர் என்று ஒரு வரி வருகிறது. நியாயாதிபதிகள் காலத்தில் இஸ்ரவேலை ஒடுக்கிய சேனாபதியின் பெயரும் அதுவே. அந்தப் பெயரைச் சுமந்தவர்களும் ஆலயம் கட்டப் போகிற கூட்டத்தில் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு எண்ணுக்கும் மறைபொருள் தேடாதீர்கள். தனித்தனித் தொகைகளைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818 வரும். சபையார் மொத்தம் 42,360 என்று இருக்கும். அஸ்காத்தின் புத்திரர் எஸ்றாவில் 1,222, நெகேமியாவில் 2,322. இதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தேர்வில் எந்தப் புத்தகத்தைக் கேட்கிறார்களோ அதன்படி எழுதுங்கள். பாடகர் தொகையும் எஸ்றாவில் 200, நெகேமியாவில் 245.

பட்டியல் முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். வம்ச அட்டவணை கிடைக்காமல் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டவர்களில் கோசின் புத்திரரும் உண்டு. நெகேமியா 3-ல் எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டியவர்களை வாசித்து வரும்போது, கோசின் வழிவந்த மெரெமோத் என்பவன் ஒரு பங்கைக் கட்டிவிட்டு, 21-ம் வசனத்தில் இன்னொரு பங்கையும் கட்டுகிறான். அந்த இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.