கொல்லிமலையில் பயிற்சித் தேவை கேட்கப் போனபோது

வேளாண் விரிவாக்கத்தில் முதுகலை படித்தபோது எனக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பு, கொல்லிமலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்கு என்னென்ன பயிற்சி தேவை என்பது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறினேன். பையில் 12 பக்கக் கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று கட்டம்: மிகவும் தேவை, தேவை, தேவையில்லை.

முதல் பத்துப் பேரும் எல்லாவற்றுக்கும் 'தேவைதான்' என்றார்கள். மலையேறி வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்ற மரியாதை! சாமை விதைத் தேர்வு என்றதும்தான் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். "அத எங்க வீட்டுப் பொம்பளயக் கேளு தம்பி."

கேட்டேன். மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று ரகம் ரகமாக அந்த அம்மா அரைமணி நேரம் எனக்கு வகுப்பெடுத்தார். பட்டாவில் பெயருள்ளவர்களைத்தான் நான் பட்டியலில் எடுத்திருந்தேன். அவர் அதில் இல்லை.

மறுநாள் கேள்வித்தாளை எடுக்கவில்லை. திண்ணையில் மிளகு, மரவள்ளி, காப்பி, சாமை, பலா, மாடு என்று சாக்பீஸால் ஆறு கட்டம் வரைந்து, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தேன். எதில் ரொம்பக் கஷ்டமோ அதில் வைக்கச் சொன்னேன். மிளகுக் கட்டம் நிரம்பி வழிந்தது. சில்வர் ஓக் மரத்தில் செழித்து ஏறிய கொடி, மழை மாதத்தில் இலையில் கருந்திட்டு விழுந்து, சில வாரத்திலேயே பட்டுப்போகிறது. வாடல் நோய். பெண்கள் சாமையிலும் கொட்டை வைத்தார்கள். "வெள்ளாமைக்குப் பயிற்சி வேணாம், குத்துறதுக்கு மிஷின் வேணும்."

வாடலுக்கு மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏதோ ஒரு பயிற்சியில் படம் காட்டி, டீ வடை கொடுத்து, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கலக்கிப் பார்த்தவர்தான் யாருமில்லை.

எனவே கலக்கினோம். கணக்கு எளிது: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. நாங்கள் அதில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டோம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தேய்த்த இரும்பு வேண்டும். ஒரு பாட்டி தன் அரிவாளைக் கல்லில் தீட்டிக் கொடுத்தார். ஒரு நிமிடம் முக்கி எடுத்தால், முனையெல்லாம் செம்பு நிறம். பாட்டிக்குக் கோபம்: "என் அருவாளக் கெடுத்துப்புட்டியே!"

துத்தம் மிஞ்சினால் இப்படித்தான் ஆகும். சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் விட்டு, மறுபடி தீட்டி முக்கினோம். வெள்ளையாகவே வந்தது. அதன் பிறகு ஆளாளுக்கு வீட்டிலிருந்து அரிவாள் கொண்டுவந்து முக்கிப் பார்த்தார்கள். கரைசல் தெளிக்க மிஞ்சுமா என்றிருந்தது எனக்கு. மழை தொடங்குமுன் ஒருமுறை, நடுமழையில் ஒருமுறை தெளிக்கவேண்டும் என்பதை அந்தச் சத்தத்துக்கு நடுவே சொல்லி முடித்தேன்.

ஆய்வேட்டில் 'யாருக்கு', 'எந்த நேரத்தில்' என்று இரண்டு பத்தி கூட்டிக்கொண்டேன். மத்தியானப் பயிற்சிக்கு மலையிலேயே இருக்கும் செம்மேடு போய்வந்தால் மாட்டை யார் பிடித்துக் கட்டுவது என்று பெண்கள் கேட்டிருந்தார்கள். சாமை குத்தும் மிஷினுக்கு மட்டும் அட்டவணையில் இடமில்லை. 'பிற' என்ற வரிசையில் எழுதி வைத்தேன்.