சித்தம் தீருமுன்: ஆர்க்நைட்ஸ் நான்காம் அத்தியாயத்தில் நின்றுவிட்டவர்களுக்கு

ஆர்க்நைட்ஸில் ஒரு களத்தில் இறங்கச் செலவாகும் பொருளின் பெயர் சானிட்டி. வேறு கைப்பேசி விளையாட்டுகளில் எனர்ஜி, ஸ்டாமினா என்று இருப்பதை இங்கே சித்தம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நோயாளிகளை நோயாளிகளோடு மோதவிடுவதுதான் இங்கே நம் வேலை. இறங்கும் ஒவ்வொரு முறையும் சித்தத்தில் கொஞ்சம் கரைகிறது. பெயரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஹைப்பர்கிரிஃப் நிறுவனம் உருவாக்கிய இந்த டவர் டிஃபென்ஸ் (வரும் எதிரிகளை ஆட்களை நிறுத்தித் தடுக்கும்) விளையாட்டு சீனாவில் 2019 மே மாதமும், நாம் விளையாடும் ஆங்கிலப் பதிப்பு 2020 ஜனவரியிலும் வந்தன. தமிழில் கிடையாது. வசனம் நீளம், ஆங்கிலமும் கொஞ்சம் கடினம். அதனால் நம் பிள்ளைகள் பலர் ஸ்கிப் பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறார்கள். அது பெரிய இழப்பு. எதிரி களத்தில் ஏன் அப்படி அடிக்கிறான் என்பதற்கான விடை பாதி கதைக்குள் இருக்கிறது, மீதி எதிரியின் எண்களில் இருக்கிறது. இரண்டையும் பார்க்காதவர்கள்தான் நான்காம் அத்தியாயத்தில் முட்டி நிற்கிறார்கள்.

கதையின் வேர் ஓரிஜினியம் என்ற கனிமம். நகரங்களை இயக்கும் ஆற்றல் அதிலிருந்துதான் வருகிறது. ஓரிபத்தி என்ற தீராத நோயும் அதிலிருந்துதான் வருகிறது. நோய் கண்டவர் உடலில் படிகம் முளைக்கும். அவர் இறந்தால் உடலே மற்றவருக்குத் தொற்றாகும். ஆகவே உயிரோடு இருக்கும்போதே ஊர் ஒதுக்கிவைக்கிறது. நீங்கள் நினைவிழந்து விழித்தெழும் டாக்டர். உங்கள் பக்கம் நிற்பது ரோட்ஸ் ஐலண்ட் என்ற மருந்து நிறுவனம். எதிரே ரீயூனியன் இயக்கம், அவர்களும் அதே நோயாளிகள். மூன்றாம் அத்தியாயத்தை முடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்: இரண்டாம் அத்தியாயத்தில் நீங்கள் வீழ்த்திய முகமூடிக்காரன் 3-8 களத்தில் மீண்டும் வருவான். இம்முறை முகமூடிக்குள் இருப்பது அவனுடைய அக்கா மிஷா, நீங்கள் காப்பாற்றப் போய் முடியாமல் போன அதே பெண். வென்றால்தான் கதை நகரும். வெல்வதென்றால் அவளைக் கொல்வது.

இனி களம். ஆட்களை இறக்கத் தேவையான டிபி என்ற புள்ளி விநாடிக்கு 1 வீதம் ஏறும். முதலில் இறங்கும் வேன்கார்ட் மலிவு, எதிரியைத் தாங்கி நிறுத்தும் டிஃபென்டர் விலை அதிகம். அதனால் முதலில் வேன்கார்டை இறக்கி டிபி சேர்ப்பது வழக்கம். மர்ட்டில் போன்ற கொடி ஏந்தும் வேன்கார்டுகளிடம் ஒரு பொறி உண்டு. திறன் ஓடும் நேரத்தில் அவர் அடிக்க மாட்டார், யாரையும் தடுக்கவும் மாட்டார். பிடித்து வைத்திருந்த எதிரி அந்த விநாடியே கையை விட்டு நழுவி நாம் காக்க வேண்டிய நீலப் பெட்டியை நோக்கி நடப்பான். ‘நிறுத்தித்தானே வைத்திருந்தேன், எப்படித் தப்பினான்’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். கொடிக்காரரை எதிரி வரும் பாதையிலிருந்து தள்ளியோ, தடுக்கக்கூடிய ஒருவருக்குப் பின்னாலோ வையுங்கள்.

இறக்கும் வரிசையும் முக்கியம். தொலைவிலிருந்து சுடும் எதிரிகள் எல்லைக்குள் இருப்பவர்களில் கடைசியாக இறக்கப்பட்டவரைத்தான் குறிவைப்பார்கள். டிஃபென்டரை முதலில் வைத்துவிட்டுக் கடைசியில் மந்திரத்தால் தாக்கும் கேஸ்டரை மேடையில் ஏற்றினால் அத்தனை அம்பும் கேஸ்டர் மேல்தான். நேரம் இருந்தால் மெடிக், கேஸ்டர், கடைசியாக டிஃபென்டர் என்று மாற்றிப் பாருங்கள். ஆட்களும் அதே, இடங்களும் அதே, ஆனால் முடிவு வேறாக இருக்கும்.

நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது கணக்கை. உடல்தாக்குதல் என்றால் உங்கள் தாக்குதல் எண்ணிலிருந்து எதிரியின் தற்காப்பு எண்ணை அப்படியே கழிக்க வேண்டும். எவ்வளவு குறைந்தாலும் தாக்குதலில் 5 சதவீதம் மிஞ்சும். தொலைவிலிருந்து சுடும் ஸ்னைப்பரின் தாக்குதல் 500, எதிரியின் தற்காப்பு 450 என்றால் ஓர் அம்புக்கு 50தான். அதே ஸ்னைப்பரை வளர்த்து 600 ஆக்கினால் 150. வளர்ச்சி 20 சதவீதம், பலன் மூன்று மடங்கு. எதிரியின் தற்காப்பு 1000 என்றால் 500க்கு 25, 600க்கு 30. அங்கே ஸ்னைப்பரை வளர்ப்பது வீண்.

ஆர்ட்ஸ், அதாவது மந்திரத் தாக்குதலின் கணக்கு வேறு. எதிரியின் ரெஸ் (மந்திர எதிர்ப்பு எண்) எத்தனையோ அத்தனை சதவீதம்தான் குறையும். கேஸ்டர் 500, ரெஸ் 30 என்றால் 350 போய்ச் சேரும். அவன் போட்டிருக்கும் இரும்புக் கவசத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. 4-4 களத்தில் வரும் டிஃபென்ஸ் கிரஷர்களை ஒரே டிஃபென்டரை வைத்துத் தாங்க நினைத்துத்தான் பலர் தோற்கிறார்கள். அந்த எதிரிகள் டிஃபென்டரை எட்டுவதற்கு முன்பே கேஸ்டர்களின் எல்லைக்குள் நீண்ட நேரம் நடக்க வேண்டும், வேகத்தைக் குறைக்கும் சப்போர்ட்டர் ஒருவரும் கூட இருக்க வேண்டும். ஸ்டூவர்ட் என்ற மூன்று நட்சத்திரக் கேஸ்டர் தற்காப்பு அதிகமுள்ள எதிரியையே தேடி அடிப்பார். இந்த வேலைக்கு அவரைப் போல் மலிவான ஆள் இல்லை. எலீட் என்ற முதல் தர உயர்வுக்கு அவருக்கு வேண்டியது 40ஆம் நிலையும் எல்எம்டி என்ற விளையாட்டுப் பணம் 10,000மும் மட்டும்தான்.

இதே கணக்கை நம் பக்கமும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான டிஃபென்டர்களின் ரெஸ் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். தற்காப்பு 700 இருந்தாலும் ஆர்ட்ஸ் தாக்குதல் 400 வந்தால் 400ம் உடம்பில்தான் விழும். ஆறாம் அத்தியாயத்தில் ரீயூனியனின் ஃப்ராஸ்ட்நோவா வரும்போது இது வலிக்கும். தொட்டவரையே உறைய வைக்கும் அவளுடைய குளிர்தான் கதையில் அவள் துயரம். களத்திலும் அதுவே ஆயுதம்: குளிர் பட்டவரின் தாக்கும் வேகம் 30 புள்ளி குறையும், அது நீங்குவதற்குள் மறுபடி பட்டால் உறைந்து செயலற்றுப் போவார். முழு அணியையும் ஒரே இடத்தில் குவித்தால் ஒரே நேரத்தில் எல்லோரும் உறைவார்கள். பரப்பி வையுங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய நேரம் மாலை 7 மணி. ஆங்கிலப் பதிப்பின் நாள் அப்போதுதான் புரளும். எல்எம்டி சேர்க்கும் களம் திறக்கும் செவ்வாய்க்கிழமை இங்கே செவ்வாய் மாலை 7க்குத் தொடங்கி புதன் மாலை 7க்கு முடியும். செவ்வாய் காலை எம்ஆர்டியில் தேடினால் பூட்டியிருக்கும். அனிஹிலேஷன் என்ற தனிக் களத்தின் வாராந்திரக் கணக்கும் திங்கள் மாலை 7க்குத்தான் புதிதாகும். சித்தம் 6 நிமிடத்துக்கு 1, நாளுக்கு 240. உச்சவரம்பைத் தொட்டதும் ஏறுவது நின்றுவிடும். ஆக, தேசிய சேவையில் வாரம் முழுக்க முகாமில் இருப்பவர்களுக்குப் பெரும்பகுதி வீணாகும். அதை நினைத்து வருந்த வேண்டாம், அவசரமும் வேண்டாம், முதன்மைக் கதை ஓடிப்போகாது.

காசைப் பற்றி இரண்டு வரி. புது ஆளைப் பெறும் ஓர் இழுப்புக்கு 600 ஓரன்டம் (விளையாட்டின் நாணயம்), ஆறு நட்சத்திர வாய்ப்பு 2 சதவீதம். 50 முறை கிடைக்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு இழுப்புக்கும் 2 சதவீதம் கூடும். கதையை முடிக்க மூன்று, நான்கு நட்சத்திர ஆட்களே போதும். முட்டினால் நண்பரின் ஆபரேட்டர் (களத்தில் இறக்கும் ஆள்) ஒருவரை இரவல் வாங்கலாம். அதற்குமுன் பயிற்சி முறையில் இறங்கிப் பாருங்கள். அதில் சித்தம் செலவாகாது, எந்த எதிரி எந்த நேரத்தில் எந்த வாசலில் வருகிறான் என்று குறித்துக்கொள்ளலாம்.

கடல் உயிரிகள் வரும் பக்கக்கதைகளைத் தொடும்போது மனமே களமாகிவிடும். அவற்றின் அடி உடலோடு நரம்பையும் அரிக்கும். ஆபரேட்டருக்குக் கீழே தனியாக ஒரு கோடு குறைந்துகொண்டே வரும். அது தீர்ந்தால் ஒரேயடியாக 1000 சேதம், 10 விநாடி செயலிழப்பு. வழக்கமான மெடிக் உயிரைத்தான் நிரப்புவார், இந்தக் கோட்டைத் தொடமாட்டார். மல்பெரி, ஹனிபெரி போன்ற அலையும் மெடிக்குகளால் இரண்டையும் கவனிக்க முடியும். அவர்கள் உங்களிடம் இல்லையென்றால் கோடு தீரும் தறுவாயில் அந்த ஆளைக் களத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இறக்கிய விலையில் பாதி டிபி திரும்பி வரும், மறுபடி இறக்க விலை ஒன்றரை மடங்கு, காத்திருப்பு பெரும்பாலானவர்களுக்கு 70 விநாடி. அந்த 70 விநாடி வாசலில் யார் நிற்பது என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.