அஞ்சு வருஷமா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி

மார்ச் 4, 2024, திங்கள்

இன்று இன்டர்வியூ. எவ்வளவு அனுபவம் என்று கேட்டார்கள். 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்றேன். எதிரே இருந்த அம்மா 'ஓ, யூ ஹாவ் பீன் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். திருத்தினாரா, சும்மா திருப்பிச் சொன்னாரா தெரியவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு.

மார்ச் 6, புதன்

தமிழில் யோசித்துப் பேசுவதால்தான் சின்ஸ் வந்து விழுகிறது என்று நினைத்தேன். இல்லை. 'அஞ்சு வருஷத்திலிருந்து வேலை செய்கிறேன்' என்று நம்மில் யார் சொல்கிறோம்? 'அஞ்சு வருஷமா' என்போம்; இல்லையென்றால் '2019லிருந்து' என்போம். வருஷமா என்றால் ஃபார், லிருந்து என்றால் சின்ஸ். பள்ளியில் இதை இப்படிச் சொல்லாமல், 'பீரியட் ஆஃப் டைம், பாயின்ட் ஆஃப் டைம்' என்று உருப்போட வைத்தார்கள்.

'ஐ ஆம் வொர்க்கிங்' மட்டும் தமிழ் செய்த வேலைதான். நமக்கு 'செய்கிறேன்' போதும். அன்று தொடங்கி இன்னும் நடக்கிறது என்றால் ஆங்கிலம் 'ஹாவ் பீன்' கேட்கும்.

மார்ச் 7, வியாழன்

மாதக் கணக்கு முடிப்பு. படிக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

டொராண்டோ அத்தான் மனைவிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு மெயில் எழுதும்போது தாத்தா பேச்சு வந்தது. 'ஹி டைட் பிஃபோர் டூ இயர்ஸ்' என்று கை தானாக அடித்தது. 'ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி'யின் அச்சு அசல்! அழித்துவிட்டு 'டூ இயர்ஸ் அகோ' என்று போட்டேன்.

அகராதியில் பார்த்தால், அகோ என்பதே 'கழிந்துபோன' என்ற பொருளில் இருந்த பழைய சொல்தானாம். ரெண்டு வருஷம் கழிந்தது; அதனால்தான் காலத்துக்குப் பின்னால் நிற்கிறது போல. அது இன்றிலிருந்துதான் பின்னோக்கி எண்ணும். தாத்தாவுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பாட்டி போய்விட்டாள். அங்கே எண்ணிக்கை தாத்தாவின் சாவிலிருந்து, ஆகவே 'எ இயர் பிஃபோர் ஹி டைட்'. நமக்கு இரண்டுக்கும் ஒரே முன்னாடி.

இன்னொன்று: அகோ வந்தால் 'ஹி ஹாஸ் டைட்' கூடாது, வெறும் 'டைட்'.

மார்ச் 12, செவ்வாய்

பதில் வந்தது. 'இட்ஸ் பீன் சோ லாங் சின்ஸ் வி ஸா யூ.' வாய்விட்டுப் படித்தேன். 'உங்களைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!' அதேதான். நான் எழுதியிருந்தால் பார்க்கவில்லையே என்று நடுவில் ஒரு 'டிடின்ட்' செருகியிருப்பேன். ஆனால் தமிழிலும் 'பார்த்து நாளாச்சு'தானே, 'பார்க்காமல்' இல்லையே.

இன்டர்வியூ முடிவு வரவில்லை. போய்விட்டு வந்து எட்டு நாளாச்சு. இட்ஸ் பீன் எய்ட் டேஸ்.