வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய விமானம்

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினேன். 62 பவுண்டு. நான், மனைவி, அவள், ஒரு பை எல்லாம் கூட்டினால் 400 வந்தது. எங்கள் இரண்டு சீட்டு குட்டி விமானம் செஸ்னா 150 தூக்கக்கூடியது பெட்ரோலோடு சேர்த்து 505 பவுண்டுதான். மிச்சம் 105. விமானப் பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு, ஆக 17 கேலன் போடலாம். கணக்குக்குச் சரி. ஆனால் ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயிலில் காற்று லேசாகி, 100 குதிரைத்திறன் எஞ்சின் மூச்சு வாங்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. தவிர, அவள் உட்கார்ந்து வந்தது இரண்டு சீட்டுக்கும் பின்னால், சாமான் வைக்கும் இடத்தில். அந்தக் காலத்தில் செஸ்னா கம்பெனியே விற்ற குழந்தை சீட் அது. கொஞ்ச நாளாக அவள் முழங்கால் என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது.

“சிட்டுவை வித்துட்டு நாலு சீட்டு வாங்கிடலாங்க” என்றாள் மனைவி. சிட்டு என்பது மகள் வைத்த பெயர். பெரியதை முதலில் வாங்கிவிட்டு, இதை நிதானமாக விற்கத்தான் எனக்கு ஆசை. டல்லாஸ் பக்கத்தில் விமானம் நிறுத்த ஒரு ஹேங்கர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. எங்களுடையதில் ஒரு விமானம்தான் நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் கட்டவும் கையில் தெம்பில்லை. அதனால் விற்றுவிட்டுத்தான் வாங்குவது என்று முடிவானது.

சிட்டு 1967-ல் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிறந்தது, என்னைவிட மூத்தது. 2016-ல் 21,500 டாலருக்கு வாங்கினேன். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளும் தோளும் உரசும். கோபமாக இருக்கும் மனைவியோடு அதில் இரண்டு மணி நேரம் பறந்து பாருங்கள், சமாதானம் ஆகாமல் இறங்க முடியாது. பிரெடரிக்ஸ்பர்க் விமான நிலையத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. ஒரு பர்கருக்காக அங்கே போய் வர ஒரு நாளும் நூற்றைம்பது டாலர் பெட்ரோலும் செலவாகும். இதை இங்கே விமானிகள் ‘நூறு டாலர் ஹாம்பர்கர்’ என்பார்கள். பெயர் வைத்தபோது இருந்த விலைவாசி அது போலிருக்கிறது.

என்ன விலை சொல்வது? 2020 ஜனவரி 1-க்குள் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிக்கு ஏடிஎஸ்-பி, அதாவது விமானம் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவி, கட்டாயம் என்றார்கள். அதற்கு ஏறக்குறைய 2,000 டாலர் செலவழித்திருந்தேன். புது இன்டர்காம், புது சீட் உறை, கதவைச் சுற்றி புது ரப்பர். எல்லாவற்றையும் கூட்டி விலையில் ஏற்றப் பார்த்தேன். எங்கள் மெக்கானிக் சிரித்தார். “நீ போட்ட காசு உன் சந்தோஷத்துக்கு. வாங்குபவன் பார்ப்பது மூன்றுதான்: எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, துரு இருக்கிறதா, செய்த வேலையெல்லாம் எழுதிய லாக் புக் முழுசாக இருக்கிறதா.” சிட்டுவின் எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் பிறகு 1,120 மணி ஓடியிருந்தது. அந்த கான்டினென்டல் எஞ்சினுக்கு 1,800 மணியில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. 38,000 என்று விளம்பரம் கொடுத்தேன், விமானம் விற்கும் தளங்களான ட்ரேட்-எ-பிளேனிலும் பார்ன்ஸ்டார்மர்ஸிலும்.

முதல் வாரம் வந்த அழைப்புகளில் பாதி சும்மா பேசுபவர்கள். ஒருவர் நாற்பது நிமிடம் தன் பழைய 150-ன் கதையைச் சொல்லிவிட்டு, நல்லபடியாக விற்க வாழ்த்தி வைத்துவிட்டார். இன்னொருவர் விமானத்தைப் பார்க்கவே வேண்டாம் என்றார். கேட்டதற்கு மேல் ஒரு தொகைக்கு காசோலை அனுப்புவாராம், மிச்சத்தை அவருடைய ‘போக்குவரத்து ஏஜெண்டுக்கு’ நான் அனுப்ப வேண்டுமாம். காசோலை பல நாள் கழித்துத் திரும்பும், நாம் அனுப்பிய பணம் திரும்பாது. கார் விற்பவர்களிடம் செய்கிற அதே வித்தைதான்.

மூன்றாவது வாரம் ஆர்கன்சாவிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்தான். இருபத்து நான்கு வயது, டீசல் மெக்கானிக், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். வந்ததும் இறக்கையைத் தொடவில்லை, உள்ளே உட்கார்ந்து பார்க்கவில்லை. “லாக் புக் பார்க்கலாமா சார்?” என்றான். ஹேங்கர் மேஜையில் 57 வருடத்தையும் பரப்பினேன். இரண்டு மணி நேரம் படித்தான். எட்டு வருடம் என் அலமாரியில் கிடந்த அந்த நோட்டுகளை நான் ஒருநாளும் அப்படிப் படித்ததில்லை. 1974-ல் வலது இறக்கை நுனியை மாற்றியிருக்கிறார்கள் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சீட் தண்டவாளத்தைச் சோதிக்கச் சொல்லும் உத்தரவு ஒன்று உண்டு. தேய்ந்த தண்டவாளத்தில் சீட் நழுவினால், மேலே ஏறும்போதே விமானி பின்னால் போய்விடுவார். ஒவ்வொரு வருடமும் அதற்குக் கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணினான்.

ஆயிரம் டாலர் அட்வான்ஸ் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் ஒரு சுற்று பறந்து காட்டினேன், இடது சீட்டில் நான், வலது சீட்டில் அவன். விளம்பரம் பார்த்து வருகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு சுற்றினால் பெட்ரோல்தான் தீரும்.

பத்து நாளில் போன் வந்தது. “சார், உங்க விமானத்து மேல 1981-ல் வாங்கின கடன் ஒண்ணு நிக்குது.”

ஊரில் அரை சென்ட் நிலம் வாங்கினாலும் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. தாய்ப்பத்திரம் இல்லாமல் அப்பா ஒரு மனையைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. அவர் பிள்ளை இங்கே சுமார் நூறு டாலரை மிச்சம் பிடிக்க, வில்லங்கம் பார்க்காமல் விமானம் வாங்கியிருக்கிறேன்! அமெரிக்காவில் பதிவான ஒவ்வொரு விமானத்துக்கும் கிரயப் பத்திரம், அடமானம் எல்லாம் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத் துறை) பதிவகத்தில் ஒரே கோப்பில் கிடக்கும். கடன் அடைந்ததும் வங்கி ஒரு விடுவிப்புக் கடிதத்தை அங்கே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கடன் அடைந்தே போனாலும் ஏட்டில் நின்றுகொண்டே இருக்கும். எனக்கு முந்தைய இரண்டு உரிமையாளர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கடன் கொடுத்த வங்கியைத் தேடினேன். அப்படி ஒரு வங்கியே இப்போது இல்லை. 1980-களில் எண்ணெய் விலை சரிந்தபோது டெக்சாஸில் நூற்றுக்கணக்கான வங்கிகள் மூழ்கின, அதில் இதுவும் ஒன்று. நல்ல வேளையாக, மூழ்கிய வங்கிகளின் இந்த மாதிரி வில்லங்கங்களை விடுவித்துக் கொடுப்பதும் வைப்புத்தொகைக்குக் காப்பீடு தரும் எஃப்.டி.ஐ.சி.யின் வேலைகளில் ஒன்று. பழைய அடமானப் பத்திரத்தின் நகலையும் வில்லங்க அறிக்கையையும் சேர்த்து விண்ணப்பித்தேன். ஐந்து வாரம் காத்திருந்தேன். பையன் கோபப்படவில்லை. வாரத்துக்கு ஒருமுறை “வந்துச்சா சார்?” என்று மட்டும் கேட்பான். ‘வரலப்பா’ என்று சொல்லச் சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. ஒற்றைப் பக்கக் கடிதம் கடைசியில் வந்தது. அதை ஓக்லஹோமா சிட்டியில் பதிவு செய்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

நடுவில் அவன் ஒரு மெக்கானிக்கை அனுப்பி விமானத்தைச் சோதித்தான். வருடாந்திரச் சோதனை செய்கிற எங்கள் ஆளே பார்த்தால் அது சோதனை ஆகாது, அதனால் அவன் ஆள், அவன் செலவு. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். முதல் மூன்றும் எழுபதை ஒட்டி நின்றன. நான்காவது 58. அந்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் குனிந்து புகைக்குழாயில் காதை வைத்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். உஸ்ஸென்று மெல்லிய சத்தம், குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் கேட்குமே, அந்த மாதிரி. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டிருந்தால் பிஸ்டன் வளையம், இந்த எஞ்சினில் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. சின்னக் கேமராவை உள்ளே விட்டு வால்வின் முகத்தைக் காட்டினார். ஒரு விளிம்பு மட்டும் வேறு நிறத்தில் வெந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் வானத்தில் உடைந்திருக்கலாம். போன மாதம்தான் மகளை ஏற்றிக்கொண்டு போய் வந்திருந்தேன்.

அதற்குமேல் விலை பேச எனக்கு மனமில்லை. ஏற்கனவே 36,500-க்கு இறங்கியிருந்தோம், சிலிண்டருக்காக இன்னும் 2,000 குறைத்தேன். 34,500. சிலிண்டரை அவனே ஆள் வைத்து மாற்றிக்கொண்டு, பிறகுதான் எடுத்துப் போவது என்று பேச்சு.

பணமும் பத்திரமும் ஓக்லஹோமா சிட்டியிலேயே ஒரு நடுவர் கம்பெனியில் கைமாறின. கிரயப் பத்திரம் ஒரே பக்கம். அதில் முழு விலையை எழுத வேண்டும் என்றில்லை, ‘ஒரு டாலரும் பிற மதிப்புள்ளவையும்’ என்று எழுதுவது இங்கே வழக்கம். நம்மூர்ப் பத்திர ஆபீஸ் வாசலில் நின்றவனுக்கு இது விநோதம்தான். ஆனால் மாநில வரிக்கு உண்மை விலையைத்தான் காட்ட வேண்டும். பதிவுக்கு அவன் கட்டியது 5 டாலர். என் பதிவுச் சான்றிதழின் பின்புறம் அவன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு பதிவகத்துக்கு அனுப்பினேன். பணம் என் கணக்கில் ஏறும்வரை இன்சூரன்ஸை ரத்து செய்யவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு காலை, அவன் பயிற்சியாளரோடு வந்தான். எரிபொருள் தொட்டிக்குள் குச்சியை விட்டு அளந்தான். நான் செய்கிற மாதிரியே இரண்டு முறை. மகள் முன்சக்கரத்துப் பக்கம் நின்று “சிட்டுக்கு இடது கதவு கொஞ்சம் ஒட்டும், மெதுவா தூக்கி இழுக்கணும்” என்று ஆங்கிலத்தில் அவனுக்கு விளக்கினாள். அவன் தூக்கி இழுத்துக் காட்டினான். ஓடுபாதையின் பாதியிலேயே எழுந்து வடகிழக்கே திரும்பியது. சிட்டு எழுவதை நான் வெளியே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது ஒரு செஸ்னா 182 பேச்சில் இருக்கிறது. 230 குதிரைத்திறன், நான்கு சீட். 200 குதிரைத்திறனுக்கு மேல் போனால் ஒரு பயிற்சியாளரிடம் தனியாகக் கற்றுக் கையெழுத்து வாங்க வேண்டும், இன்சூரன்ஸ்காரர்களும் இத்தனை மணி பறந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். விமானம் நிற்பது மிசௌரியில். இன்னும் நேரில் பார்க்கவில்லை, படம்தான் பார்த்திருக்கிறேன். வில்லங்கம் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டேன்.