இரண்டாம் சனிக்கிழமைகள்

வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறையானது 2015 செப்டம்பரிலிருந்து. எங்கள் கடலூர் கிளையில் பாதிப் பேர் அன்றைக்குத் தூங்குவார்கள், மீதிப் பேர் பிள்ளைகளைச் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போவார்கள். நான் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறேன். கணக்குப் பாடம் சொல்லித்தரத்தான் போனேன். இப்போது முக்கால்வாசி நேரம் விண்ணப்பம் நிரப்புவதிலேயே போய்விடுகிறது.

இல்லத்துக்கு ஆள் வருவதில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவுக்குத் திதி என்று ஒரு வேளைச் சாப்பாடு போட ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு காலை கேசரி, மதியம் பிரியாணி, சாயங்காலம் கேக். ராத்திரிக்கு ரசம் சோறு கிடைக்குமா என்று ஒரு பையன் சமையற்கட்டில் போய்க் கேட்டானாம். வார்டன் அம்மாவின் குறை வேறு. “பட்டுப்பாவாடை எடுத்துட்டு வர்றாங்க சார். ஜட்டி, நாப்கின் வாங்கிட்டு வர மட்டும் கூச்சப்படுறாங்க.” பேன் சீப்பு, தேங்காய் எண்ணெய், பள்ளிக்கூடத்துக்குப் போடும் ஷூ எல்லாம் அந்தப் பட்டியலில்தான்.

போட்டோ விஷயத்தில் அந்த அம்மா கறார். வாசலிலேயே சொல்லிவிடுவார். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். கேக் வெட்டும் படம் இல்லையென்றால் அடுத்த வருஷம் அவர்கள் வருவதில்லை. நல்லதுதான் என்று எனக்குத் தோன்றும்.

வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, “சுனாமிப் பிள்ளைகளா?” 2004 டிசம்பர் 26இல் தேவனாம்பட்டினத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். இப்போது இங்கே இருக்கிறவர்களில் பலருக்கு அம்மா இருக்கிறார். ஒருத்தி பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறார், இன்னொருத்தி பெங்களூரில் சித்தாள் வேலை. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு பிள்ளையை இங்கே விட்டிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் பலாச்சுளையோ முறுக்கோ எடுத்துக்கொண்டு பார்க்க வருவார்கள். அநாதை இல்லம் என்று போர்டு பார்த்த பழக்கத்தில் நாம்தான் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

சேமிப்புக் கணக்கு யோசனை வார்டன் அம்மா சொன்னது. பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே கணக்குத் தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014லேயே சொல்லிவிட்டது. சரி, அது நம் வேலைதானே என்று படிவங்களை எடுத்துப் போனேன். கையெழுத்துக் கட்டத்தில்தான் கூட்டமே கூடியது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கத் தன் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் கடைசி எழுத்து வால் நீட்டிப் பக்கத்தைத் தாண்டியது, ஒன்றில் கீழே இரண்டு புள்ளி, ஒன்று டாக்டர் சீட்டுப் போலக் கிறுக்கல். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. முன்னால் இனிஷியல் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, குண்டாக, அழுத்தி எழுதியிருந்தாள். அது அம்மா பெயரின் முதலெழுத்து. “எது சார் நல்லா இருக்கு?” என்றாள். எது மறக்காதோ அதைப் போடு என்றேன். வால் நீண்டதை விட மனசில்லாமல் அரைமணி நேரம் யோசித்து, கடைசியில் வாலைப் பாதியாக வெட்டிக்கொண்டாள்.

கணக்கு சுலபம். சாதிச் சான்றிதழ்தான் இழுக்கும். பெற்றோரின் சான்றிதழ் எங்கே என்பார்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமின்றி, அரசு இல்லத்திலோ அரசு அங்கீகரித்த இல்லத்திலோ சேர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வருகிறார்கள். இது மனுவை வாங்குகிறவர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை. பட்டியலை நகலெடுத்து, அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டு இணைத்துவிடுவேன். அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு இந்த வழியும் கிடையாது. அவர் பெங்களூரிலிருந்து லீவு போட்டுத் தாலுகா ஆபீசுக்கு வர வேண்டும், ஒரு நாள் கூலி போகும். பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுக் கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை இந்தக் காகிதங்கள்தான். அதனால் பத்தாம் வகுப்புக்கு வந்தவுடனே ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் போட ஆரம்பித்திருக்கிறோம்.

கணக்குப் பாடம் நின்றுபோகவில்லை. எங்கள் கிளையில் ஓய்வுபெற்ற தலைமைக் காசாளர் எடுத்துக்கொண்டார். வாய்ப்பாட்டை விட்டுவிட்டு, பழைய சீட்டுக்கட்டை நோட்டுக்கட்டாக்கி, விசிறி எண்ணுவது எப்படி என்று சொல்லித்தருகிறார். அவர் வராத சனிக்கிழமையில் நான் போனால், “தாத்தா வரலியா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.